நீருக்கடியில் நிழற்படம்: விளையாட்டும் விஞ்ஞானமும்

பூமியின் மேற்பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு கடல் என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவனும் அறிவான். ஆயினும் அக்கடலின் அடியில் உள்ளவற்றைத் தன் கண்ணால் கண்டவர் மிகச் சிலரே. கடற்கரையில் வாழ்வோருக்கே அரிதான அக்காட்சி, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள மைசூரு போன்ற உள்நாட்டு நகரங்களில் வாழ்வோருக்கு எட்டாக் கனியாகவே இருந்து வந்தது. தொலைக்காட்சித் திரையிலும் கைபேசியிலும் ஆடப்படும் வீடியோ விளையாட்டுக்களின் வாயிலாக இந்நிலை ஒருவகையில் மாறியிருக்கிறது. வீட்டுக் கூடத்தில் அமர்ந்தவாறே கடலுக்குள் இறங்கி, மீன்களையும் பவளங்களையும் படம் பிடித்து வரும் வாய்ப்பை அவை சிறுவர்களுக்கு அளிக்கின்றன.

இவ்வகை விளையாட்டுக்களுள் குறிப்பிடத்தக்கது ‘எண்ட்லெஸ் ஓஷன்’ என்பதாகும். ஜப்பானிய நிறுவனமான அரிகா உருவாக்கிய இதனை, நின்டென்டோ நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் தனது ‘வீ’ என்னும் விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்டது. பகைவரைச் சுட்டு வீழ்த்துவதும் பந்தயத்தில் பிறரை முந்துவதும் இதன் நோக்கங்கள் அல்ல. ஆடுபவர் ஒரு மூழ்காளராகிக் கடலுள் இறங்குகிறார். உயிரினங்களை நெருங்கித் தொட்டுப் பார்க்கிறார். அவற்றின் பெயரையும் இயல்பையும் அறிகிறார். காமிராவால் அவற்றைப் படம் பிடிக்கிறார். 2020-ஆம் ஆண்டில் ஈ-லைன் மீடியா நிறுவனம் வெளியிட்ட ‘பியாண்ட் புளூ’ என்னும் விளையாட்டில், ஆடுபவர் ஒரு பெண் கடல் விஞ்ஞானியின் இடத்தில் இருந்து ஆழ்கடலை ஆராய்கிறார்.

மைசூரு மானசகங்கோத்திரியில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம் 1963-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தென்னாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் அந்நிறுவனத்தின் எல்லைக்குள் பவளத் தீவுகளான லட்சத்தீவும் அடங்கும். கடலையே காணாத தக்காணப் பீடபூமியின் சிற்றூர்களும் அடங்கும். கடல்வாழ் உயிர்கள் பற்றிய ஒரே பாடத்தை இருவேறு சூழலில் வளர்ந்த மாணாக்கர்க்குக் கற்பிக்க வேண்டிய ஆசிரியருக்கு இத்தகைய விளையாட்டு ஒரு துணைக்கருவி ஆகக்கூடும். ஆனால் ஒரு வேறுபாட்டை அவர் முதலில் உணர்தல் வேண்டும். விளையாட்டில் எடுக்கும் படம் ஆடுபவரின் மகிழ்ச்சிக்காக எடுக்கப்படுவது. மெய்யான கடலில் முறைப்படி எடுக்கப்படும் படமோ ஒரு சான்று. அச்சான்றைக் கொண்டு மீனவர் ஒருவரின் வலைக்கு உதவித்தொகை கிடைக்கிறது. ஒரு பவளப்பாறை உயிருடன் உள்ளதா என்பது தீர்மானிக்கப்படுகிறது. ஒரு படம் சான்றாவது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒளியும் நீரும்

திரையில் தோன்றும் கடல் பெரும்பாலும் தெளிந்த நீலமாக இருக்கும். அதில் நீந்தும் மீன்கள் எவ்வளவு ஆழத்திலும் தத்தம் வண்ணம் மாறாமல் காட்சியளிக்கும். மெய்யான கடலின் இயல்பு வேறு. சூரிய ஒளி பல நிறங்களின் கூட்டு என்பது யாவரும் அறிந்ததே. அவற்றுள் சிவப்பு நிறத்தை நீர் மிக விரைவில் உட்கவர்ந்துகொள்கிறது. பத்து மீட்டர் ஆழத்தை அடையுமுன்னரே சிவப்பின் பெரும்பகுதி மறைந்துவிடும். அடுத்து ஆரஞ்சும், பின்னர் மஞ்சளும் மங்கும். தெளிந்த கடலில் நெடுந்தொலைவு ஊடுருவிச் செல்வது நீல ஒளியே. ஆகவே, கரையில் செக்கச்செவேலெனத் தோன்றும் துணி, ஆழத்தில் கருமை கலந்த சாம்பல் நிறமாகிவிடுகிறது. மூழ்காளரின் விரலிலுள்ள கீறலிலிருந்து கசியும் குருதிகூடப் பச்சையாகக் காணப்படுகிறது. ஒரு விளக்கை அருகில் கொண்டு சென்றவுடன் அப்பொருள்களின் உண்மை நிறம் மீண்டும் வெளிப்படும்.

இரண்டாவதாகக் கருதத்தக்கது ஒளிவிலகல். நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. முகமூடியின் தட்டையான கண்ணாடி வழியே நோக்கும் மூழ்காளருக்கு, எதிரிலுள்ள பொருள் தன் உண்மைத் தொலைவில் முக்கால் பங்குத் தொலைவில் இருப்பது போலவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றும். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் 40 சென்டிமீட்டர் மீன்போலக் காட்சியளிக்கும். கண்மதிப்பாகக் குறிக்கும் நீளத்தை விஞ்ஞானிகள் எளிதில் ஏற்காமைக்கு இதுவே காரணம். படத்தினுள் ஓர் அளவுகோலும் இடம்பெற்றிருந்தால் இத்தவறு நேராது.

மூன்றாவதாக, கடல்நீரில் மிதக்கும் எண்ணற்ற நுண்துகள்கள் உள்ளன. மூடுபனியில் மோட்டார் வண்டியின் முன்விளக்கை ஏற்றினால் பாதை தெரிவதற்கு மாறாக வெண்திரை ஒன்றே தெரிவதைப் பலர் கண்டிருப்பர். காமிராவின் கண்ணாடிக்கு மிக அருகில் விளக்கை வைத்துப் படமெடுத்தாலும் அவ்வாறே நேரும். துகள்கள் ஒளியைத் திருப்பியடித்துப் படமெங்கும் வெண்புள்ளிகளாகப் படியும். ஆதலால் விளக்கைக் காமிராவிலிருந்து சற்று விலக்கி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடியில் பொருத்துவது வழக்கம். படமெடுக்கும் பொருளை இயன்றவரை அணுகி, இடையிலுள்ள நீரின் அளவைக் குறைப்பது எல்லாவற்றிலும் சிறந்த முறை.

இவற்றுடன் அழுத்தமும் சேர்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் கரையிலுள்ளதைப் போல் இருமடங்காகும். மூழ்காளரின் உருளையிலுள்ள காற்றும் இருமடங்கு விரைவில் தீரும். அவருடைய உடலில் மிகுதியாகக் கரைந்த நைட்ரஜன், அவர் விரைந்து மேலேறினால் குமிழிகளாகி உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தி மேலே வந்துவிடலாம். கடலில் மெல்ல மெல்லத்தான் ஏறவேண்டும். இதனால் அடித்தளத்தில் பணிபுரியக் கிடைக்கும் நேரம் மிகக் குறுகியது. அக்குறுகிய காலத்தில் காண்பதையெல்லாம் பதிவு செய்து, கரைக்கு வந்தபின் ஓய்வாக ஆராய்வதற்குக் காமிராவே உதவுகிறது.

காமிரா கடலுக்குள் சென்ற வரலாறு

நீருக்கடியில் படமெடுக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1856-ஆம் ஆண்டில் வில்லியம் தாம்ஸன் என்பவர் இங்கிலாந்தின் வேமத் கடற்கரைக்கு அருகே, காமிராவை ஒரு பெட்டியில் அடைத்து ஒரு கழியில் பொருத்திக் கடலுக்குள் இறக்கிப் படமெடுத்தார். மூழ்கி நின்று படமெடுக்கும் கலையை வளர்த்தவர் பிரெஞ்சு உயிரியல் அறிஞர் லூயி பூட்டான். 1893-ஆம் ஆண்டில் பான்யூல்ஸ் என்னும் கடற்கரை ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அவர் தம் பரிசோதனைகளைத் தொடங்கினார். உலோகத் தலைக்கவசமும் கனத்த உடையும் அணிந்து கடலடியில் நின்றுகொண்டு, ஒரே படத்திற்குச் சிலபோது அரைமணி நேரம் வரை ஒளியைப் படியவிட வேண்டியிருந்தது.

வண்ணப் படங்கள் வெளிவருவதற்கு மேலும் ஒரு தலைமுறை சென்றது. 1926-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாரிடாவை அடுத்த டிரை டார்ட்டுகாஸ் தீவுகளுக்கருகில் வில்லியம் லாங்லி என்னும் விலங்கியலாரும் சார்லஸ் மார்ட்டின் என்னும் படக்கலைஞரும் இதனைச் சாதித்தனர். நீரின்மேல் மிதக்கும் தெப்பத்தில் மக்னீசியத் தூளை வெடிக்கச் செய்து, அதன் பேரொளியில் கீழே மீன்களைப் படமெடுத்தனர். 1943-ஆம் ஆண்டில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும் மூழ்காளர் தாமே சுமந்து செல்லத்தக்க சுவாசக் கருவியை உருவாக்கினர். கப்பலோடு பிணைக்கும் காற்றுக்குழாய் தேவையற்றுப் போகவே, காமிராவுடன் மீனைப்போல் நீந்தித் திரிதல் மனிதனுக்கு இயல்வதாயிற்று.

நம் அண்டைநாடான இலங்கையும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. விஞ்ஞானக் கதாசிரியரான ஆர்தர் சி. கிளார்க், 1956-ஆம் ஆண்டில் அங்கே குடியேறினார். அவருடைய நண்பரும் நீரடிப் படக்கலைஞருமான மைக் வில்ஸன், 1961-ஆம் ஆண்டில் தீவின் தென்கிழக்கேயுள்ள கிரேட் பாஸஸ் பாறைத்தொடருக்கருகே படமெடுக்கச் சென்றபோது, மூழ்கிய கப்பலொன்றின் சிதைவுகளையும் வெள்ளி நாணயங்களையும் கண்டார். அந்நாணயங்கள் ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் வார்க்கப்பட்டவை. 1702-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. நாணயத்தில் ஆண்டு பொறிக்கப்பட்டிருந்ததனால் அக்கப்பலின் காலத்தை நிர்ணயிக்க முடிந்தது. படத்திற்கும் இது பொருந்தும். காலமும் இடமும் குறிக்கப்படாத படம், முத்திரை தேய்ந்த நாணயத்தை ஒத்ததே.

படம் சான்றாகும் விதம்

விளையாட்டில் ஒரு மீனைப் படம் பிடித்தவுடன் அதன் பெயர் தானே திரையில் தோன்றும். கடலில் அவ்வாறு பெயர் தோன்றுவதில்லை. எடுத்தவர் யார், எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு ஆழம், உயிரினத்தின் எந்தப் பக்கம் என்பன படத்துடன் சேர்த்துக் குறிக்கப்பட்டால்தான், பின்னர் ஆராய்வோர் அதற்குப் பெயரிட முடியும். இதன் பயனை விளக்கக் குஜராத் கடற்கரையின் அனுபவம் ஒன்று போதுமானது.

திமிங்கிலச் சுறா உலகிலுள்ள மீன்களுள் மிகப் பெரியது. இதன் உணவு நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் சிறு மீன்களுமே; மனிதனுக்கு இதனால் தீங்கில்லை. ஆயினும் சௌராஷ்டிரக் கடற்கரையில் இது பெருவாரியாகக் கொல்லப்பட்டு வந்தது. இக்கொலையை மைக் பாண்டே என்னும் இந்தியப் படத்தயாரிப்பாளர், 2000-ஆம் ஆண்டில் வெளியான தம் ஆவணப் படத்தின் மூலம் நாட்டின் கவனத்திற்குக் கொணர்ந்தார். 2001-ஆம் ஆண்டில் மத்திய அரசு இம்மீனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்த்தது. சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற முதல் மீன் என்று கூறப்படுவதும் இதுவே.

சட்டம் பிறந்தபோதிலும் ஒரு சிக்கல் எஞ்சியது. மீனவர் விரித்த வலையில் திமிங்கிலச் சுறா தற்செயலாக அகப்பட்டால், வலையை அறுத்துத்தான் அதனை விடுவிக்க வேண்டும். வலையோ அக்குடும்பத்தின் வாழ்வாதாரம். அறுபட்ட வலைக்கு வனத்துறை உதவித்தொகை வழங்க முன்வந்தது. ஆனால் அதிகாரி ஒருவர் கடலுக்குள் வந்து பார்வையிட்டுச் சான்றளிக்கும் வரை, மீன் பல மணி நேரம் வலையிலேயே தவிக்க நேர்ந்தது. இதற்கு எளிய தீர்வு ஒன்று காணப்பட்டது. குஜராத் வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் மீனவர்களுக்கு நீர்புகாக் காமிராக்களை அளித்து, விடுவிக்கும் காட்சியை அவர்களே படமெடுக்கும் முறையைக் கொண்டுவந்தன. மீனவர் உடனே வலையை அறுக்கலாம். படத்தைக் காட்டி உதவித்தொகை பெறலாம். இவ்வாறு பல நூறு திமிங்கிலச் சுறாக்கள் உயிருடன் கடலுக்குத் திரும்பியுள்ளன. தொழில்முறைக் கலைஞர் எவரும் பாராட்டாத, சாய்ந்தும் மங்கியும் உள்ள அப்படங்கள், மீனுக்கு உயிரையும் மீனவருக்கு வலையையும் மீட்டளிக்கின்றன.

திமிங்கிலச் சுறாவின் உடலெங்கும் வெண்புள்ளிகள் உள்ளன. மனிதனின் கைரேகையைப்போல இப்புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொரு மீனுக்கும் வேறுபடுகிறது. வானத்து விண்மீன்களைப் படங்களில் ஒப்பிட்டு அடையாளங் காண்பதற்கென வானியலார் 1986-ஆம் ஆண்டில் வகுத்த ஒரு கணக்கு முறையை, அர்சூமானியன், ஹோம்பெர்க், நார்மன் ஆகிய மூவரும் இப்புள்ளிகளுக்குப் பொருத்தி 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். செவுள்களுக்குப் பின்னுள்ள பக்கத்தைத் தெளிவாகக் காட்டும் படம் இருந்தால், முன்னர் வேறோரிடத்தில் காணப்பட்ட அதே மீன்தானா என்பதைக் கணிப்பொறி கூறிவிடும். மீனைப் பிடிக்காமலும், அதன் உடலில் எதனையும் பொருத்தாமலும் அதன் பயணத்தை அறிய இம்முறை வழிசெய்கிறது. இடப்புறப் படத்தை இடப்புறப் படத்துடன்தான் ஒப்பிட முடியும் என்பதனால், எந்தப் பக்கம் என்று குறிப்பது இன்றியமையாததாகிறது.

மன்னார் வளைகுடாவில்

தமிழ்நாட்டுக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு மன்னார் வளைகுடாவாகும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே வரிசையாக அமைந்த 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடற்பகுதியையும் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ஆம் ஆண்டில் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. முற்காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் இங்கே பவளக்கற்கள் பெருமளவில் வெட்டியெடுக்கப்பட்டன. அலைகளைத் தாங்கி நின்ற பாறைகள் அழிந்ததனால் கரை அரிக்கப்பட்டு, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. ஆகவே பவளப்பாறைகளின் நலம் தீவுகளின் நிலைபேற்றோடும் கரையோர மக்களின் வாழ்வோடும் பிணைந்ததாகும்.

பவளம் என்பது கல்லன்று. நுண்ணிய உயிரினங்களின் கூட்டமாகும். அவ்வுயிர்களின் திசுக்களுக்குள் ஒருவகை நுண்பாசி குடியிருந்து, சூரிய ஒளியால் உணவு தயாரித்துப் பவள உயிருக்கும் அளிக்கிறது. பவளத்தின் வண்ணத்திற்கும் இப்பாசி ஒரு முக்கிய காரணம். கடல்நீரின் வெப்பநிலை வழக்கமான கோடைகால உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் அளவு கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. அப்போது அது வெளுத்துக் காணப்படும். வெளுத்த பவளம் இறந்த பவளமன்று. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் குடியேறிப் பவளம் பிழைக்கும். தணியாவிடில் பவளம் பட்டினியால் மடிய, அதன்மேல் வேறு பாசிகள் படரும்.

இங்குதான் நிழற்படத்தின் தேவை புலனாகிறது. வெளுத்த பவளத்தின் ஒரே ஒரு படம், அது பிழைக்குமா மடியுமா என்பதைக் கூறாது. அதே இடத்தில், அதே கோணத்தில், சில மாதங்கள் கழித்து எடுத்த மற்றொரு படம் அதனைக் கூறிவிடும். இதற்காக ஆராய்ச்சியாளர் கடலடியில் நிலையான அடையாளங்களை நட்டு, ஒரு சதுரச் சட்டத்தைப் பாறைமேல் வைத்து, நேர் மேலிருந்து படமெடுக்கின்றனர். பின்னர் படத்தின்மேல் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புள்ளிகளை இட்டு, ஒவ்வொரு புள்ளியும் எதன்மீது விழுகிறது என்று எண்ணுகின்றனர். உதாரணமாக, 50 புள்ளிகளில் 20 புள்ளிகள் உயிருள்ள பவளத்தின்மீது விழுந்தால், அச்சட்டத்தினுள் உயிர்ப்பவளத்தின் பரப்பு 40 சதவிகிதம் எனக் கொள்ளப்படும். இத்தகைய கணக்கை ஐந்தாம் வகுப்பு மாணவனும் செய்யலாம்.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இவ்வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகளாக நீரில் மூழ்கி அளவிட்டு வருகின்றனர். 2010-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் கடும் வெளுப்பு நேர்ந்தது. 2016-ஆம் ஆண்டின் வெளுப்புக்கு முன் ஏறத்தாழ 39 சதவிகிதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு, அதன் பின் ஏறத்தாழ 23 சதவிகிதமாகக் குறைந்தது என்பது அவர்களுடைய அளவீட்டின் முடிவு. முன்னைய ஆண்டுகளின் பதிவுகள் இல்லாதிருந்தால், இழந்தது எவ்வளவு என்பதை எவரும் சொல்லியிருக்க முடியாது. உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு நிகழ்ந்து வருவதாக 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவிக்கப்பட்டதை நோக்கும்போது, ஆண்டுதோறும் தவறாமல் ஒரே இடத்தைப் படமெடுக்கும் பணியின் முதன்மை நன்கு விளங்கும்.

ஒளி புகாத ஆழத்தில்

ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி மிகக் குறைவு. 1,000 மீட்டருக்குக் கீழே அறவே இல்லை. அங்கே மனிதன் மூழ்கிச் செல்ல இயலாது. இயந்திரங்களே விளக்கும் காமிராவும் ஏந்திச் செல்கின்றன. 1993-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டுச் சென்னையில் இயங்கிவரும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், ‘ரோசப் 6000’ என்னும் தொலையியக்கக் கருவியை 2010-ஆம் ஆண்டில் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழத்திற்கு இறக்கியது. அப்பகுதியின் அடித்தளத்தில் மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் ஆகியன கலந்த உருண்டைகள் உருளைக்கிழங்கு போலச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஆராய்வதற்கு 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பு இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

2024-ஆம் ஆண்டு டிசம்பரில் இக்கழகமும் தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் இணைந்து, தானியங்கி நீர்மூழ்கிக் கருவியொன்றின் உதவியால் இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ 4,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் உமிழும் ஊற்றொன்றைப் படமெடுத்தன. கடற்பாறைப் பிளவுகளின் வழியே உள்ளிறங்கும் நீர், பூமியின் வெப்பத்தால் கொதிப்பேறி, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு மீண்டும் மேலே பீறிடுவதே இவ்வூற்று. சூரிய ஒளியை நம்பாமல், இவ்வூற்றுகளின் இரசாயனப் பொருள்களைக் கொண்டே வாழும் உயிர்க் கூட்டங்கள் உலகின் பல ஊற்றுகளைச் சூழ்ந்து காணப்படுகின்றன. உருண்டைகளைத் தோண்டி எடுக்கலாமா, எந்த இடத்தைத் தீண்டாமல் விடவேண்டும் என்னும் வினாக்களுக்கு விடைகாணும்போது, அங்கே என்னென்ன வாழ்கின்றன என்பதைக் காட்டும் இப்படங்களே முதற்சான்றாகும்.

விளையாட்டே தொண்டாகும்போது

இயந்திரக் காமிராக்களால் விளைந்த புதிய தொல்லையும் உண்டு. அவை கொணரும் படங்கள் எண்ணிலடங்கா. அவற்றைப் பார்த்துப் பெயரிடும் வல்லுநர்களோ மிகச் சிலர். இக்குறையை நீக்க விளையாட்டையே கருவியாகக் கொள்ளும் முயற்சிகள் தோன்றியுள்ளன. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, ‘நீமோ-நெட்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. போர்ட்டோ ரிக்கோ, குவாம், அமெரிக்க சமோவா ஆகிய இடங்களில் எடுக்கப்பட்ட பவளப்பாறைகளின் முப்பரிமாணப் படங்களின்மேல், ஆடுபவர் வகைக்கேற்ற வண்ணந் தீட்டவேண்டும். அவ்வண்ணங்களைப் பாடமாகக் கொண்டு கணிப்பொறி தானே பவளங்களை வகைப்படுத்தக் கற்றுக்கொள்கிறது.

2024-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள மான்டரே விரிகுடா ஆராய்ச்சி நிறுவனம் ‘பேதம்வெர்ஸ்’ என்னும் கைபேசி விளையாட்டை வெளியிட்டது. இதில் தோன்றுபவை ஓவியரின் கற்பனை உருவங்கள் அல்ல. நீர்மூழ்கிக் கருவிகள் எடுத்த மெய்யான படங்கள். இழுதுமீனா, கணவாயா, நட்சத்திர மீனா என்று ஆடுபவர் முதலில் கற்றுக்கொண்டு, பின்னர்ப் பிரித்தறிகிறார். ஒருவர் கூறும் விடையை மட்டும் நம்பாமல், பலர் கூறியவற்றை ஒப்பிட்டு முடிவு கொள்ளப்படுகிறது. எண்ட்லெஸ் ஓஷன் போன்ற விளையாட்டில் கணிப்பொறி மனிதனுக்குப் பெயர் கூறுகிறது. இவ்விரண்டிலும் மனிதன் கணிப்பொறிக்குப் பெயர் கற்பிக்கிறான்.

ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

மேற்கூறியவற்றைக் கடலில்லாத ஊரிலும் செய்து காட்ட இயலும். நீலநிறக் கண்ணாடித் தாள் ஒன்றின் வழியே செம்பருத்திப் பூவை நோக்கச் செய்தால், ஆழத்தில் சிவப்பு மறையும் விதத்தை மாணாக்கர் உடனே உணர்வர். நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டிக்குள் ஓர் அளவுகோலையும், தொட்டிக்கு வெளியே அதே தொலைவில் மற்றோர் அளவுகோலையும் வைத்துப் படமெடுத்து ஒப்பிட்டால், ஒளிவிலகலின் விளைவு எண்ணாகவே கிடைக்கும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தகடொன்றை நான்கு பாகமாக்கிக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறித் தீட்டி, அளவிட்ட கயிற்றில் கட்டிக் குளத்தில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால், அதுவே நீரின் தெளிவுக்கு அளவு. ஏஞ்சலோ செக்கி என்னும் இத்தாலிய வானியலார் 1865-ஆம் ஆண்டில் வகுத்த முறையின் வழிவந்தது இது. மைசூரில் மானசகங்கோத்திரியை ஒட்டியுள்ள குக்கரஹள்ளி ஏரி போன்ற எந்த நீர்நிலையிலும், உரிய அனுமதி பெற்று, பெரியோர் துணையுடன் உறுதியான மேடையில் நின்று இதனைச் செய்யலாம். மாணாக்கர் நீரில் இறங்கவேண்டிய தேவையில்லை. மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் தமக்குள் மாறுபடுவதைக் கண்டால், ஒரு பதிவைவிட இரு பதிவுகளின் மதிப்பு மிகுதி என்பது விளங்கும்.

விளையாட்டை வகுப்பில் பயன்படுத்தும் ஆசிரியர் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். திரையில் உயிரினங்களைத் தொட்டுத் தடவலாம். கடலில் அவ்வாறு செய்தலாகாது. பவளத்தின்மேல் காலூன்றுவதால் பல்லாண்டு வளர்ச்சி ஒரு நொடியில் முறியும். பவளம், கடல் அட்டை, கடற்குதிரை, ஆமை, கடற்பசு ஆகியன 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பைப் பெற்றவை. பாக் விரிகுடாவின் வடபகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, கடற்பசுவுக்கென 2022-ஆம் ஆண்டில் காப்பகமாக அறிவிக்கப்பட்டதையும் மாணாக்கர் அறிதல் நலம்.

கடற்கரைப் பகுதிகளில் பணிபுரியும் களப்பணியாளர், கரையொதுங்கிய அல்லது வலையில் அகப்பட்ட உயிரினத்தைப் படமெடுக்கும்போது சில விதிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். முழு உடலும் தெரியும் படம் ஒன்றும், இரு பக்கங்களும் தலையும் தனித்தனியே தெரியும் படங்களும் எடுக்கவேண்டும். அருகில் ஓர் அளவுகோலோ, அளவு தெரிந்த பொருளோ இருத்தல் வேண்டும். நாள், நேரம், இடம், ஆழம் ஆகியவற்றை அன்றே குறிப்பேட்டில் எழுதவேண்டும். மூலப்படத்தை அழகுபடுத்தவோ நிறத்தை மாற்றவோ கூடாது. உயிருடன் இருப்பின், விடுவிப்பதே முதற்கடமை. படம் அதன் பின்னரே.

இவற்றோடு அவ்வூர் மீனவர் வழங்கும் பெயரையும் தவறாமல் குறிக்கவேண்டும். கடற்பசுவை ஆவுளியா என்றும், பச்சை ஆமையைப் பேராமை என்றும், கழுகுமூக்குடைய ஆமையை அழுங்காமை என்றும் நம் கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரித்தறிந்து வந்துள்ளனர். விளையாட்டுத் திரையில் தோன்றும் பெயர்களுள் இவை இல்லை. விஞ்ஞானப் பெயரும் ஊர்ப்பெயரும் ஒருங்கே எழுதப்பட்ட படம், ஆராய்ச்சி நிலையத்திலுள்ள அறிஞருக்கும் படகிலுள்ள மீனவருக்கும் ஒரே பொருளை உணர்த்தும். அடுத்த ஆண்டு அதே கரைக்குப் பணியேற்று வருபவர் எந்த உயிரை எங்கே தேடவேண்டும் என்பதையும் அதுவே அவருக்குக் காட்டும்.